மியாமி அரிசி: ஹைட்டியில் 35 எப்படி 3 ஆனது

கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி நாட்டு மக்கள் அமெரிக்க அரிசியை ‘டிரி மியாமி’ என்கிறார்கள். டிரி என்றால் அவர்களுடைய கிரியோல் மொழியில் அரிசி. மியாமியில் நெல் விளைவதில்லை. அமெரிக்காவில் மிக அதிகமாக நெல் விளைவது ஆர்கன்சாஸ் மாநிலத்தில். இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஹைட்டி உண்ணும் அரிசியில் சுமார் 80 விழுக்காடு வெளியிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1980களின் முற்பாதியில் நிலைமை தலைகீழ். தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை அந்த நாடே விளைவித்துக்கொண்டது; இறக்குமதி ஆண்டுக்குச் சில ஆயிரம் டன்தான். 2010 வாக்கில் அது மூன்று லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது.

வெளிநாட்டு உதவி பற்றிய பேச்சில் ஹைட்டி அடிக்கடி உதாரணமாக வரும். இலவசச் சோறு போட்டுப் போட்டு அந்த மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்பார் ஒருவர். எல்லாம் வல்லரசின் சதி என்பார் இன்னொருவர். ஆனால் ஹைட்டியின் அரிசிச் சந்தையைப் பிடித்தது இலவச அரிசி அல்ல, விலைக்கு வந்த அரிசி. உதவியாக வந்த உணவும் உண்டு, அது சில்லறை வியாபாரத்தைக் கெடுத்ததும் உண்டு. ஆனால் கப்பல் கப்பலாக வந்தது வணிக இறக்குமதிதான். அந்தக் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்ட சாவியாகவே உதவி பயன்பட்டது. இந்த ஆய்வு, அரிசி இறக்குமதி வரியை 35 விழுக்காட்டிலிருந்து 3 ஆக்கிய அந்தச் சாவியைப் பற்றியது.

முன்கதை, சுருக்கமாக

1804இல் அடிமைகள் போராடிப் பெற்ற விடுதலையில் பிறந்த நாடு ஹைட்டி. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் பண்ணை முதலாளிகள் இழந்த சொத்துக்கு 150 மில்லியன் பிராங்க் ஈடு கேட்டது. அந்தச் ‘சொத்து’க் கணக்கில் மனிதர்களும் அடக்கம். பின்னால் தொகை 90 மில்லியனாகக் குறைந்தது. ஆனால் அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன், அந்தக் கடனுக்கு மேல் வாங்கிய கடன் என்று இழுத்து, கணக்கு முடிய 1947 ஆயிற்று. நடுவில் 1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவ ஆட்சி. அப்புறம் 1957 முதல் 1986 வரை துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம், தந்தையும் மகனுமாக. ஒரு நாட்டரசு வலுவாக வளர்வதற்கான சூழல் இதில் எங்கேயும் இல்லை. பின்னால் வருவதையெல்லாம் உதவியின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பன்றியில் நடந்த ஒத்திகை

அரிசிக்கு முன் பன்றி. 1970களின் முடிவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஹைட்டிக்குள் வந்தது. நோய் தங்கள் பண்ணைகளுக்கும் பரவிவிடும் என்று அமெரிக்காவுக்குப் பயம். அது நியாயமான பயம்தான். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நிதியோடு 1982இல் தொடங்கிய திட்டம் ஹைட்டியின் நாட்டுப் பன்றிகளை அடியோடு கொன்று தீர்த்தது.

கறுப்பாக, சிறிதாக இருக்கும் அந்த கிரியோல் பன்றி கிடைத்ததைத் தின்று தானே வளர்ந்துவிடும். குடியானவருக்கு அதுதான் சேமிப்புக் கணக்கு. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, சாவு, கல்யாணம் எது வந்தாலும் ஒரு பன்றியை விற்றால் சமாளிக்கலாம். பதிலுக்கு ஐயோவா மாநிலத்திலிருந்து கொழுத்த வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்கு விலைகொடுத்து வாங்கிய தீவனம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், சிமென்ட் தரை போட்ட கொட்டகை வேண்டும். கொட்டகை தன் வீட்டைவிட நன்றாக இருந்ததைப் பார்த்த குடியானவர்கள் அவற்றுக்கு ‘நாலுகால் இளவரசர்’ என்று பெயர் வைத்தார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நோய் ஒழிந்தது, திட்டம் தன் இலக்கை அடைந்தது. ஆனால் இலக்கை வகுத்த மேசையில் பன்றி வளர்த்தவர் உட்காரவில்லை. யார் ஆபத்துக்கு யார் சொத்து விலை என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அரிசியிலும் இதேதான், இன்னும் பெரிய அளவில்.

சாவி திரும்பியது இரண்டு முறை

முதல் முறை 1986இல். பிப்ரவரி 7 அன்று மகன் துவாலியே நாட்டை விட்டு ஓடினார். ராணுவத் தளபதி நாம்ஃபி தலைமையில் இடைக்கால ஆட்சி. நிதியமைச்சர் லெஸ்லி டெலாத்தூர். கஜானா காலி. சர்வதேச நாணய நிதியமும் அமெரிக்காவும் பணம் தரத் தயார், கதவைத் திறந்தால். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கின, வரிகள் இறங்கின. அரிசி குவியத் தொடங்கியது. ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் பள்ளத்தாக்கு நாட்டின் நெற்களஞ்சியம். அங்கே கோபம் கொண்ட உழவர்கள் அயல் அரிசி ஏற்றி வந்த லாரிகளை மறித்தார்கள்.

இரண்டாம் முறைதான் முக்கியம். 1990 டிசம்பர் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு ஜெயித்தவர் ஜான் பெர்த்ரான் அரிஸ்டீட், ஏழைகளின் பாதிரியார். 1991 செப்டம்பரில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. மூன்று ஆண்டு வெளிநாட்டு வாசம். திரும்பி வர ஒரே வழி அமெரிக்கப் படைகளின் துணை. 1994 ஆகஸ்டில் பாரிஸில் அவருடைய தரப்பும் கடன் தரும் நிறுவனங்களும் கூடி ஒரு பொருளாதாரத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன: அரசு நிறுவனங்களை விற்பது, வரிகளைக் குறைப்பது, வணிகத்தைத் திறப்பது. அக்டோபர் 15 அன்று, ஏறத்தாழ 20,000 அமெரிக்க வீரர்கள் நாட்டில் இறங்கிய பிறகு, அரிஸ்டீட் அரண்மனைக்குத் திரும்பினார். 1986இல் முதல் சுற்றை நடத்திய டெலாத்தூர் இப்போது மத்திய வங்கியின் தலைவர். 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி 35 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாக இறங்கியது.

நாடாளுமன்றத்தில் சூடான விவாதமோ உழவர் சங்கங்களோடு பேச்சோ இல்லாமல் ஒரு நாட்டின் முக்கிய உணவுக்கான கொள்கை மாறியது. அரிஸ்டீட் இதை முழுமனதோடு செய்யவில்லை. தனியார்மயத்தை அவர் இழுத்தடிக்க, அதை ஆதரித்த பிரதமர் ஸ்மார்க் மிஷெல் 1995 அக்டோபரில் பதவி விலகினார். ஆனால் அரசு நிறுவனத்தை விற்காமல் இழுத்தடிக்கலாம். வரியை இழுத்தடிக்க முடியாது. ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். துறைமுகத்தில் மறுநாளே அமலாகும்.

இந்த 3 எவ்வளவு விசித்திரமான எண் என்பது அக்கம்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் அரிசிக்கு வைத்திருக்கும் பொது வெளிவரி 25 விழுக்காடு. அந்த வட்டாரத்திலேயே மிக ஏழையான நாடு வட்டாரத்திலேயே மிகத் திறந்த கதவோடு நின்றது.

அந்த 3 விழுக்காட்டையும் கட்ட மனமில்லாதவர்கள் இருந்தார்கள். ஹைட்டிக்கு அரிசி அனுப்பிய டெக்சாஸ் நிறுவனம் ஒன்றின் இரண்டு அதிகாரிகள், சரக்கின் அளவைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்த ஹைட்டி சுங்க அலுவலர்களுக்கு லஞ்சம் கொடுத்ததற்காக 2004இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்புப் பெற்றார்கள்.

வயலில் என்ன ஆனது

ஒரு பக்கம் ஆர்கன்சாஸ்: ஆயிரக்கணக்கான ஏக்கர், அறுவடை எந்திரம், பெரிய ஆலைகள், விலை சரிந்தால் தாங்கிப் பிடிக்கும் அரசு மானியம். இன்னொரு பக்கம் ஆர்ட்டிபோனிட்: ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், பல இடங்களில் குத்தகை, கையால் நடவு, தூர் வாராத வாய்க்கால், கந்துவட்டி. இதைச் ‘சுதந்திரச் சந்தை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மானியம் இல்லாமல் பிழைக்க வேண்டும் என்ற விதி ஒரு தரப்புக்கு மட்டும்தான் இருந்தது.

அமெரிக்கச் சட்டம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1986இல் ஆர்கன்சாஸ் செனட்டர் டேல் பம்பர்ஸ் கொண்டுவந்த திருத்தம், அமெரிக்க விளைபொருளோடு போட்டியிடும் ஏற்றுமதிப் பயிர்களை வளர்க்க வெளிநாடுகளுக்கு உதவிப் பணம் கொடுக்கக் கூடாது என்றது. ஹைட்டி அரிசி ஏற்றுமதிப் பயிர் அல்ல, உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு. எனவே சட்டத்தின் எழுத்து நேராக அதைத் தொடாது. ஆனால் உதவியின் எல்லை எங்கே என்பதை அந்தத் திருத்தம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

சந்தையில் சரக்கு வாங்கி விற்கும் பெண் வியாபாரிகளை ஹைட்டியில் ‘மதான் சாரா’ என்பார்கள். கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவே உணவைக் கொண்டுசேர்ப்பவர்கள் அவர்கள்தான். எது சீக்கிரம் விற்குமோ அதைத்தான் அவர்கள் வாங்க முடியும். மியாமி அரிசி மலிவு, கல் இல்லை, உடைசல் குறைவு. மெல்ல மெல்ல உள்ளூர் அரிசி, காசுள்ளவர்கள் ருசிக்காக வாங்கும் பொருளாகிவிட்டது. சோளமும் கிழங்கும் தின்ற வீடுகளும் மலிவு அரிசிக்கு மாறின. வரிக் குறைப்பு நெல் உழவரை மட்டும் அடித்தது என்று நினைத்தால் பாதிதான் சரி; மலையடிவாரத்துச் சோளக்காரரும் வாடிக்கையாளரை இழந்தார்.

ஒரு மிகையையும் திருத்திவிடுகிறேன். ஹைட்டியில் நெல் விவசாயம் ‘அழிந்துவிட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். அழியவில்லை. தேங்கி நின்றது. மக்கள்தொகை சுமார் 60 லட்சத்திலிருந்து ஒரு கோடி ஆனபோது விளைச்சல் கூடவில்லை. கூடிய வயிறுகள் அத்தனைக்கும் இறக்குமதி வந்தது. தேக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மலைகளில் மரம் வெட்டியதில் மண் சரிந்து, 1950களில் ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கட்டிய பெலிக்ர் அணையில் வண்டல் சேர்ந்தது. நிலப் பத்திரம் யாருக்கும் தெளிவாக இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய இறக்குமதிக் குடும்பங்களுக்கு மலிவு அரிசி பொன் முட்டை. அதோடு, தலைநகரத்துச் சேரியில் வாழும் தாய்க்கு மலிவு அரிசி தீமையா? அன்றைக்குச் சத்தியமாக இல்லை. வரிக் குறைப்பை ஆதரித்த பொருளியலாளர்கள் சொன்னதும் இதைத்தான், அதில் உண்மை இருந்தது. அந்தத் தாய்களில் பலர் கிராமத்தை விட்டு வந்தவர்கள் என்பதை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

விலை ஏறியபோது

2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஹைட்டியில் பசியின் எரிச்சலுக்கு மக்கள் ‘குளோராக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள், வயிற்றில் வெளுப்புத் திரவம் ஊற்றியதுபோல் எரிகிறதாம். ஏப்ரலில் கலவரம் வெடித்தது. 12ஆம் தேதி செனட், பிரதமர் ழாக் எதுவார் அலெக்சியைப் பதவியிலிருந்து நீக்கியது.

அதிபர் ரெனே ப்ரெவால் அன்று அறிவித்த தீர்வைக் கவனியுங்கள். 50 பவுண்டு அரிசி மூட்டையின் விலை 51 டாலரிலிருந்து 43 டாலராக இறங்கும். அதற்கு வெளிநாட்டு உதவிப் பணம், கூடவே இறக்குமதியாளர்கள் விட்டுக்கொடுக்கும் கொஞ்சம் லாபம். அதாவது, உதவியின் அழுத்தத்தால் வந்துசேர்ந்த அயல் அரிசியை மக்கள் வாங்க முடிவதற்கு, இன்னும் கொஞ்சம் உதவி. அவரைக் குறை சொல்ல முடியாது. கலவரம் நடக்கும்போது வாய்க்கால் தூர்வாரி அடுத்த அறுவடைக்குக் காத்திருக்க எந்த அதிபராலும் முடியாது. சார்பு என்பது இப்படித்தான் வேலை செய்கிறது: ஒவ்வொரு நெருக்கடியிலும் அன்றைக்குச் சரியான முடிவு அதே பக்கமே தள்ளுகிறது.

நிலநடுக்கத்துக்குப் பிறகு

2010 ஜனவரி 12. தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸ் நொறுங்கியது. சாவு எண்ணிக்கை இன்றும் சர்ச்சையில் இருக்கிறது; அரசு இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 10 அன்று அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு முன் முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் பேசினார். 1995இல் வரி இறங்கியபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர். அதற்கு முன் ஆர்கன்சாஸ் ஆளுநர். அந்தக் கொள்கை தன் மாநிலத்து உழவர்கள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு, ஹைட்டி தன் மக்களுக்குச் சோறு போடும் நெல்லை விளைவிக்கும் திறனை இழந்தது தன்னால்தான், வேறு யாராலும் அல்ல என்று ஒப்புக்கொண்டார். பதவியில் இருந்த ஒருவர் இப்படிப் பேசுவது அபூர்வம். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் வரியைத் திருப்பி ஏற்றுவது பற்றி அதற்குப் பிறகும் நன்கொடையாளர் மேசைகளில் பெரிதாக எதுவும் நகரவில்லை.

அதே மார்ச்சில் ப்ரெவாலும் வாஷிங்டனில் பேசினார். வெளியிலிருந்து உணவும் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தால் உள்நாட்டு உற்பத்தியும் வியாபாரமும் படுத்துவிடும், நிறுத்துங்கள், வேலை உருவாக்க உதவுங்கள் என்றார். நாடே இடிபாட்டில் கிடக்கும்போது ஒரு அதிபர் இப்படிக் கேட்கிறார் என்றால், அவருக்கு முன்கதை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கொடுத்த பணம் எங்கே போனது? ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகம் போட்ட கணக்கு இருக்கிறது. நிவாரணத்துக்கு ஒதுக்கிய 2.4 பில்லியன் டாலர் அளவுக்கான தொகையில் 34 விழுக்காடு நன்கொடை நாடுகளின் சொந்த ராணுவ, சிவில் அமைப்புகளுக்கே திரும்பியது. மிச்சத்தில் பெரும்பங்கு ஐ.நா. அமைப்புகள், சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள், தனியார் ஒப்பந்தக்காரர்களுக்கு. ஹைட்டி அரசுக்குக் கிடைத்தது 1 விழுக்காடு. பிச்சை எடுத்தாராம் பெருமாள், பிடுங்கித் தின்றாராம் அனுமார் என்ற பழமொழி இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது.

அரசு ஊழல் மிகுந்தது, அதன் கையில் கொடுத்தால் காணாமல் போகும் என்பது கொடுப்பவர்கள் வாதம். பொய்யில்லை. வெனிசுவேலாவின் பெட்ரோகரிபே திட்டத்தில் மலிவுக் கடனாக வந்த எண்ணெய்ப் பணத்தை அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டு 2018இல் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் 99 விழுக்காட்டை அரசைச் சுற்றிக்கொண்டு செலவழித்தால், கணக்குக் காட்டும் அரசு எப்போதுதான் வளரும்? நல்ல ஹைட்டிப் பொறியாளரையும் செவிலியரையும் தொண்டு நிறுவனங்கள் இரட்டைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால் அமைச்சகத்தில் யார் மிஞ்சுவார்கள்?

2010 அக்டோபரில் காலரா வந்தது. மிர்பாலே அருகே ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் முகாமின் கழிவு, ஆர்ட்டிபோனிட்டில் கலக்கும் ஓடைக்குள் போயிற்று. நெல் வயல்களுக்குப் பாயும் அதே ஆறு. உழவர்கள் தண்ணீரில் கால் வைக்கப் பயந்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள், எட்டு லட்சத்துக்கும் மேல் நோயுற்றார்கள். ஐ.நா. பொதுச்செயலர் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

இல்லை என்று சொல்லும் உரிமை

ஹைட்டி மட்டும்தானா? கானாவைப் பாருங்கள். 2003இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இறக்குமதி அரிசி வரியை 20இலிருந்து 25 விழுக்காடாகவும், கோழியிறைச்சி வரியை 20இலிருந்து 40ஆகவும் உயர்த்தியது. சட்டம் அமலுக்கு வந்த சில நாள்களில், நாணய நிதியத்தோடு நடந்த பேச்சுக்குப் பிறகு, அரசு அதை நிறுத்திவைத்தது. கானாவில் நல்ல ஜனநாயகம் இருந்தது, துவாலியே இல்லை, நிலநடுக்கம் இல்லை. இருந்தும் அதே சாவி. பழியை ஹைட்டியின் பலவீனத்தின் மேல் மட்டும் போட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மலாவி எதிர்த்து நின்றது. உர மானியம் வேண்டாம் என்று கொடையாளர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தும், 2005 பஞ்சத்துக்குப் பிறகு அதிபர் பிங்கு வா முத்தாரிகா மானியத்தைத் தொடங்கினார். நல்ல மழையும் சேர, மக்காச்சோள விளைச்சல் பெருகி 2007இல் ஏற்றுமதியே செய்தார்கள். பிற்பாடு அந்த மானியம் பட்ஜெட்டை விழுங்கியது, மலாவி இன்றும் உதவியை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் தவறும் சரியும் அவர்களுடையதாக இருந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு: உதவியை நிறுத்துவதும் ஆயுதம்தான். 2000ஆம் ஆண்டு செனட் தேர்தல் தகராறுக்குப் பிறகு, அமெரிக்கக் கண்டங்களின் வளர்ச்சி வங்கி ஹைட்டிக்கு ஒப்புக்கொண்டிருந்த 146 மில்லியன் டாலர் கடன்கள் முடங்கின. குடிநீர், சுகாதாரம், கல்வி, சாலைக்கான பணம். பத்தாண்டு கழித்துக் காலரா வந்தபோது நல்ல குடிநீர்க் குழாய் இல்லாத நாடு அது.

இன்றைய நிலை இன்னும் சிக்கல். வரியை நாளைக்கே 25 ஆக்கினாலும் பெரிய பயன் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கின் பல பகுதிகளை ஆயுதக் கும்பல்கள் பிடித்துவைத்திருக்கின்றன. 2024 அக்டோபரில் அங்குள்ள போன் சோந்தே ஊரில் 70க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். வரப்புக்குப் போகவே பயப்படும் உழவருக்கு வரிப் பாதுகாப்பு எதற்கு? நகரத்தில் விலைதான் ஏறும். 1995இல் ஒரு கையெழுத்தில் செய்ததை இன்னொரு கையெழுத்தில் மாற்ற முடியாத இடத்துக்கு வந்துவிட்டது.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை முடக்கியது. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்ட் என்ற நிறுவனமே முடிவுக்கு வந்தது. ஆனால் எந்தத் திட்டத்தை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்ற அந்தப் பட்டியலில் மியாமி அரிசிக்கு இடமில்லை. கணக்குப் புத்தகத்தில் அது உதவியே அல்ல, வியாபாரம்.